செவ்வாய்க்காரன் குரலைக் கிடாரில் கொண்டுவருவது எப்படி? ஒரு பெட்ரூம் வாடகை வீட்டிலிருந்து கேட்கிறேன்

அல்சூர்_கிடார்:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு பேர், நாலு பேருக்கும் பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு மட்டும் பாட்டு. ஒரு வருடமாகத் தமிழில் ஒரு அறிவியல் புனைவு ஆல்பம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆறு பாட்டு, ஆறும் சேர்ந்து ஒரே கதை. நடக்கிற இடம் பெல்லந்தூர் ஏரி. 2017 பிப்ரவரியில் அந்த ஏரி தீப்பிடித்து எரிந்ததும், தண்ணீர் எரிகிறதாமே என்று ஊரே வேடிக்கை பார்த்ததும் இங்கே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. மழை பெய்தால் நுரை பொங்கிக் காற்றில் பறந்து வந்து வண்டி ஓட்டுகிறவன் ஹெல்மெட்டில் அப்பும். அந்த நுரைக்கு அடியில் ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தால்? அவ்வளவுதான் கதை.

எங்கிருந்து இந்தப் பைத்தியம் பிடித்தது என்று பாதிப் பேர் ஊகித்திருப்பீர்கள். 1978இல் ஜெஃப் வெய்ன் போட்ட 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' இரட்டை ஆல்பம்தான், செவ்வாய்க்காரர்கள் பூமி மேல் படையெடுக்கிற எச்.ஜி. வெல்ஸ் நாவலைப் பாட்டாக்கினது. என் பெரியப்பா கோலார் தங்கவயலில் இருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது விட்டுப்போன கேசட்டுகளில் அதுவும் ஒன்று. எட்டு வயதில், ஆங்கிலம் ஒரு எழுத்தும் புரியாமல் கேட்டேன். ரிச்சர்ட் பர்ட்டன் என்ன கதை சொல்கிறார் என்று தெரியாது, ஆனால் செவ்வாய்க்காரன் கத்துகிற அந்த 'உல்லாஆஆ' வரும் நேரம் பார்த்துப் பெரியம்மா பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வேன்.

இப்போது அந்த மாதிரி ஒன்று எனக்கு வேண்டும், வரமாட்டேன் என்கிறது. என்னிடம் இருப்பது ஒரு சாதாரண ஸ்ட்ராட் வகைக் கிடார், ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல், 37 கட்டை உள்ள சின்ன சிந்தசைசர், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன். செவ்வாய்க்காரர்களின் ஆயுதமான வெப்பக்கதிரின் சத்தம் வேண்டும் என்று டிஸ்டார்ஷனும் ஃபிளாஞ்சரும் போட்டால் கொசு பேட்டில் கொசு பொரிகிற சத்தம் வருகிறது. 'உல்லா'வுக்கு, ஒலியை 'வா வா' என்று திறந்து மூடுகிற வா பெடலை மிதித்தால் சளி பிடித்தவன் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ஏரி மூச்சு விடுகிற இடத்துக்கு சிந்தில் நீளமாக இழுக்கிற ஒரு பேட் ஒலி போட்டேன், டிரம்மர் கேட்டுவிட்டு "மசாஜ் சென்டர்ல போடுவாங்களே, அதுவா" என்றான். மூன்று நாள் அவனுடன் பேசவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அவர்கள் அந்தச் சத்தங்களை எதை வைத்துச் செய்தார்கள்? பழைய சிந்த் இல்லாமல் அந்தச் சூழல் வருமா? அப்புறம் முக்கியமாக, கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி இருக்கிறார், ஒன்பது மணிக்கு மேல் தும்மினாலும் கேட்கும். அதற்குள் என்ன செய்யலாம்?

பழைய_ஸ்பூல்:

தம்பி, உன் 'உல்லா' வா பெடலில் சாகும்வரை வராது. அது டாக் பாக்ஸ். 1976இல் பீட்டர் ஃபிராம்ப்டனின் நேரடி நிகழ்ச்சி ஆல்பம் வந்து கிடார் பேசுகிறதே என்று உலகமே வாயைப் பிளந்ததே, அதே சங்கதி.

விஷயம் எளிது. கிடார் ஆம்பிலிருந்து வருகிற சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் ஒரு ஹார்ன் யூனிட்டுக்கு அனுப்புகிறாய். யூனிட்டின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாயின் மறுமுனை உன் வாய்க்குள். நீ குரல் கொடுக்கக் கூடாது, பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசைக்க வேண்டும். வாய்க்குள் வரும் கிடார் சத்தத்தை நாக்கும் உதடும் கன்னமும் வடிவம் பிடிக்கும், எதிரே இருக்கிற மைக் அதை எடுத்துக்கொள்ளும். உன் தொண்டைக்குப் பதிலாகக் கிடார். அதனால்தான் மனிதன் மாதிரியும் இருக்கிறது, மனிதன் இல்லாத மாதிரியும் இருக்கிறது.

கடையில் வாங்கப் போகாதே, வீண் செலவு. நான் இருபத்தைந்து வருடம் மைக்செட் வைத்திருந்தவன், அப்புறம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் டேப் ஓட்டினேன். கோயில் திருவிழாவுக்கு மரத்தில் கட்டுவோமே குழாய் ஸ்பீக்கர், அதன் பின்னால் திருகியிருக்கும் அகூஜா யூனிட் இருக்கிறதே, அதுவேதான் டாக் பாக்ஸின் உயிர். ஹார்னைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் குழாய் மாட்டினால் முடிந்தது. யூனிட் வாங்கும்போது மட்டும் பார்த்து வாங்கு, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லைன் யூனிட் ஆகாது, நேரடி 8 ஓம் அல்லது 16 ஓம் வேண்டும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். குழாய்க்கு மீன் தொட்டிக் குழாய் பார்க்காதே, ரொம்ப மெல்லிசு. கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் இருக்கிறதே, அந்தக் கனம், உள்விட்டம் கிட்டத்தட்ட அரை அங்குலம். ஆனால் வாயில் வைக்கிற சமாச்சாரம், தண்ணீர் குடிக்கிற தரத்தில் வாங்கு.

ரெண்டு எச்சரிக்கை. யூனிட்டுக்குள் இருக்கிற டயாஃபிரம் காகிதம் மாதிரி, கீழ் ஸ்தாயி சத்தம் போனால் கிழிந்துவிடும். 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அனுப்பு. ஐந்து வாட்டுக்கு மேல் போகாதே, பல்லெல்லாம் கிடுகிடுக்கும், காது உள்ளிருந்தே அடி வாங்கும். வால்வு ஆம்ப் வைத்திருந்தால் லோடு இல்லாமல், அதாவது ஸ்பீக்கரோ யூனிட்டோ மாட்டாமல், ஆன் பண்ணாதே, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஹவுஸ் ஓனர் பிரச்சினைக்கும் இதுதான் மருந்து. குழாய் வழியாக வாய்க்குள் மட்டும் வருவதால் அறையில் சத்தம் கம்மி. காக்ஸ் டவுன் பக்கம் வந்தால் சொல், என்னிடம் ஒரு பழைய யூனிட் சும்மா கிடக்கிறது, இரவல் தருகிறேன்.

மின்னோசை:

ஸ்பூல் அண்ணா கிடார் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார், நான் சிந்த் பக்கம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மசாஜ் சென்டர். உங்கள் பேட் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காமலே சொல்லட்டுமா? முழு கார்ட் பிடித்திருப்பீர்கள், மூன்றாம் சுரத்தோடு. மேலே நீளமான ரிவெர்ப். ஒலியின் கூர்மையை வெட்டுகிற ஃபில்டர் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும், ஒரே வேகத்தில். இது மூன்றும் சேர்ந்தால் எந்த ஊரிலும் மசாஜ் சென்டர்தான். முதலில் அந்த மூன்றாம் சுரத்தைத் தூக்குங்கள். காந்தாரம் இல்லையென்றால் சந்தோஷமா சோகமா என்று காதுக்குத் தெரியாது, தெரியாததுதான் பயம். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கீழே வையுங்கள், இரண்டு ஸ்தாயி தள்ளி மேலே ஸட்ஜத்துக்கு அரைச்சுரம் ஏறின ஒரு ஒலியை, கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சன்னமாக. ரிவெர்ப்பை மேல் ஒலிக்கு மட்டும் கொடுங்கள், அடி ஒலி வறண்டு, முகத்துக்கு நேரே நிற்கட்டும்.

அடுத்து மூச்சு. எந்த உயிரும் ஒரே இடைவெளியில் மூச்சு விடாது. ஃபில்டரை அசைக்க ஒரு எல்எஃப்ஓ (காதுக்குக் கேட்காத மெதுவான அலை) போதாது, இரண்டு வையுங்கள், ஒன்று 0.13 ஹெர்ட்ஸ், இன்னொன்று 0.19 ஹெர்ட்ஸ். ஒன்று எட்டு நொடிக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், மற்றது ஐந்தே கால் நொடியில். இரண்டும் தொடங்கின இடத்தில் மறுபடி ஒன்றாக வந்து சேர முழுசாக 100 நொடி ஆகும். அதுவரை கேட்கிறவனால் அடுத்த மூச்சு எப்போது என்று ஊகிக்க முடியாது. வெறும் இரைச்சலையும் கலந்து, ஃபில்டரின் ரெசொனன்ஸைக் கூட்டி, அது விசிலடிக்கிற இடத்தைப் பாட்டின் ஸட்ஜத்துக்குச் சுதி சேர்த்துவிடுங்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். நீங்கள் சொல்கிற அந்த ஆல்பத்தில் சத்தங்கள் பாட்டின் மேல் ஒட்டின ஸ்டிக்கர் இல்லை. வெப்பக்கதிர் என்பது ஜோ பார்ட்ரிட்ஜ் வாசித்த கிடார், அது தாளத்துக்குள் வருகிறது, சுதியில் நிற்கிறது, வயலின் நுழைகிற மாதிரி நுழைகிறது. பின்னணியில் டிரம் எழுபதுகளின் டிஸ்கோ மாதிரி அசையாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் அதன் மேல் விழுகிற ஒழுங்கில்லாதது உறைக்கிறது. எல்லாமே மிதந்தால் எதுவுமே மிதக்காது.

அந்த ஆல்பத்தின் கீபோர்ட்காரர் கென் ஃப்ரீமன், ஸ்ட்ரிங் சிந்தசைசர் என்கிற வகையையே உருவாக்கின ஆட்களில் ஒருவர். அந்த வகை மெஷினில் ஆர்கன் மாதிரி எல்லாக் கட்டையும் ஒரே சமயத்தில் ஒலிக்கும், ஆனால் உயிர் இருப்பது கடைசியில் வருகிற என்சாம்பிள் சர்க்யூட்டில். ஒலியை மூன்று சின்ன டிலேயாக (சற்றுத் தாமதித்து வருகிற பிரதியாக) பிரித்து, மூன்றையும் வெவ்வேறு சமயத்தில் மேலும் கீழும் ஆட்டுவார்கள், மெதுவான ஆட்டம் ஒன்று, சுமார் 0.6 ஹெர்ட்ஸ், அதன் மேல் 6 ஹெர்ட்ஸில் வேகமான நடுக்கம் ஒன்று. இருபது பேர் வயலின் வாசித்தால் யாரும் யாரோடும் துல்லியமாகச் சேராத அந்தக் கலைசல் அப்படித்தான் வருகிறது. உங்கள் மல்டி எஃபெக்ட்ஸில் கோரஸ் இரண்டு இருக்குமே, ஒன்றை மெதுவாகவும் ஒன்றை வேகமாகவும் வைத்து சிந்தை அதன் வழியாக ஓட்டிப் பாருங்கள். பழைய சிந்த் தேவையில்லை.

சும்மா_கேட்டவன்:

மன்னிக்கணும், இதெல்லாம் படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ப்ளூடூத் இயர்போன் வைத்துக்கொண்டு கேட்கிறவனுக்கு நீங்கள் வாயில் குழாய் வைத்தீர்களா மூக்கில் வைத்தீர்களா என்று தெரியவா போகிறது? சர்ஜ் எக்ஸ்டி என்று கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு சிந்த் பிளக்இன் இலவசமாகக் கிடைக்கிறது, திறந்த மூலம். அதில் மேலே சொன்ன எல்எஃப்ஓ எல்லாம் கட்டைக்கு ஆறு வைக்கலாம். 'உல்லா'வுக்கு ஒரு வோக்கோடர் பிளக்இன். ஹெட்போனிலேயே முடிந்துவிடும், ஆன்ட்டியும் நிம்மதியாகத் தூங்குவார்.

இன்னொன்று. அந்த ஆல்பத்தை இரண்டு 24 டிராக் டேப் மெஷின்களைப் பூட்டி 48 டிராக்கில் பண்ணினார்கள், அதுவும் லண்டனில், பெரிய ஸ்டுடியோவில். அந்தக் காலத்தில் கையில் இருந்ததிலேயே புதிய தொழில்நுட்பம் எதுவோ அதைத்தான் எடுத்தார்கள். நாம் மட்டும் ஏன் லெவல் டியூப் தேடி அலைய வேண்டும்?

பழைய_ஸ்பூல்:

அலைய வேண்டாம் ராஜா, ஹார்டுவேர் கடை தெருமுனையில் இருக்கிறது.

வோக்கோடரும் டாக் பாக்ஸும் ஒன்றில்லை. வோக்கோடர் உன் குரலைத் துண்டு துண்டாக அளந்து, அந்த அளவை இன்னொரு ஒலியின் மேல் போர்த்துகிறது. ஒழுங்காக இருக்கும், ரோபோ மாதிரி. டாக் பாக்ஸில் அளவும் இல்லை கணக்கும் இல்லை, சத்தமே வாய்க்குள் ஓடுகிறது, எச்சில் சத்தம் கூட வரும். செவ்வாய்க்காரன் சதையும் சளியுமாக இருக்கிற ஜந்து. 1898இல் வந்த நாவலில் வெல்ஸ் எழுதினதே அப்படித்தான். மெஷின் அவன் ஏறி வருகிற வண்டி. ரோபோக் குரல் கொடுத்தால் வண்டி பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

மற்றபடி பிளக்இன்னை நான் குறை சொல்லவில்லை. சிந்துக்குத் தாராளமாக வைத்துக்கொள்.

தம்பி அல்சூரு, வெப்பக்கதிரை எப்படிச் செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லையே. உன் பெடலில் டேப் எக்கோ மாதிரி டிலே இருக்கும். 1974இல் வந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோவை நாங்கள் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்தோம், யாரோ சினிமாக்காரர் கொண்டுவந்தார், தொட விடவில்லை. அது கிடக்கட்டும். டிலேயை 100 மில்லிசெகண்டுக்கு வை, ஃபீட்பேக்கை முக்கால்வாசிக்கு மேல் ஏற்று. இப்போது ஒரே ஒரு சுரம், பிக்கின் ஓரத்தால் கம்பியை நீளவாட்டில் கரகரவென்று இழுத்து முடிவில் அடி. எதிரொலி தன்னைத்தானே தின்று பெருக ஆரம்பிக்கும். பெருகும்போது நேரத் திருகைக் குறைத்துக்கொண்டே போ, சுதி மேலே ஏறும். அதுதான் கதிர் பாய்கிறது. உச்சிக்குப் போனதும் ஃபீட்பேக்கைச் சட்டென்று விடு. டிஸ்டார்ஷன் டிலேக்கு முன்னால் இருக்கட்டும், பின்னால் வைத்தாயானால் அதே கொசு பேட். ஒரு கையால் கிடார், மறு கையால் திருகு. கை போதவில்லை என்றால் டிரம்மரைத் திருகச் சொல், மூன்று நாள் பேசாததற்குப் பரிகாரம்.

முருகேஷ்பாளையா_உறுமி:

நான் கிடார்க்காரன் இல்லை, பம்பை உறுமி செட்டோடு போகிறவன். ஆடி மாதம் முழுக்க இந்தப் பக்கம் அம்மன் கோயில்களில்தான் இருப்பேன். தலைப்பைப் பார்த்துச் சும்மா உள்ளே வந்தேன்.

ஏரிக்கு அடியில் இருக்கிற ஜந்துவுக்கு ஏனப்பா லண்டன்காரன் சத்தம்? உறுமியை ஒரு தடவை பக்கத்தில் நின்று கேளு. இடது பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் 'ஊர்ர்ர்ம்' என்று ஒரு முனகல் வரும், குச்சியை அழுத்த அழுத்தச் சுதி ஏறும், விட்டால் இறங்கும். குழந்தைகள் அழுதுவிடும், நாய் ஓடிவிடும். அதை ரெக்கார்ட் பண்ணிப் பாதி வேகத்தில் ஓட்டு, ஒரு ஸ்தாயி கீழே போகும், கால்வாசி வேகம் என்றால் இரண்டு ஸ்தாயி. உன் சிந்த் மூச்சுக்கு அடியில் அதைப் போடு. மசாஜ் சென்டரில் எவனும் போடமாட்டான்.

அந்தக் கதையில் விண்கலத்தின் மூடி உள்ளேயிருந்து திருகித் திறக்கும் என்று என் பையன் சொன்னான். உன் கதையிலும் அப்படி ஏதாவது திறக்கிறது என்றால், பித்தளை முறுக்கு அச்சு இருக்கிறதே, மேலே கைப்பிடியைச் சுற்றுகிற மரை வைத்தது, அதை எண்ணெய் போடாமல் காலியாகச் சுற்று. மைக்கை அச்சுக்கு அடியில், மாவு விழுகிற துளைக்கு நேராக வை. வெளியே கேட்கிற கீச்சு வேறு, உள்ளே கேட்கிற கீச்சு வேறு.

அப்புறம் கதை சொல்கிறவனை எங்கே நிறுத்தப் போகிறாய்? நீ சொன்ன ஆல்பத்தைப் பையன் போட்டுக் காட்டினான், எனக்கு அது வில்லுப்பாட்டு மாதிரிதான் தெரிந்தது. ஒருத்தன் கதையைச் சொல்கிறான், சொல்லி நிறுத்தின இடத்தில் வில்லும் குடமும் 'ஆமா' போடுகிறது. இதில் ஆமா போடுவது கிடார். அதனால் சொல்லுகிறவன் பேசும்போது உன் சத்தமெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும், அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் வரட்டும்.

மின்னோசை:

உறுமி அண்ணா, இது பிரமாதம். அல்சூர், இவர் சொன்ன உறுமி கிளைடை (சுதி வழுக்கி ஏறி இறங்குவதை) எடுத்து கிடாரில் பதில் சொல்ல வையுங்கள், இ-போ இருந்தால் இன்னும் நல்லது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற சின்ன கைக்கருவி, 1976இலிருந்து விற்பனையில் இருக்கிறது. கம்பியைத் தொடாமலே காந்தப்புலத்தால் அதிர வைக்கும், அடி விழுகிற 'டக்' இல்லாமல் சுரம் எங்கிருந்தோ முளைத்து வரும். அடி தெரியாவிட்டால் கிடார் என்றே தெரியாது.

இ-போ இல்லையென்றால் வால்யூம் திருகைச் சுண்டுவிரலால் பூஜ்யத்தில் வைத்து, அடித்த பிறகு ஏற்றுங்கள். பைசா செலவில்லை.

பழைய வா பெடல் யாரிடமாவது இருந்தால் இன்னொரு குறும்பும் உண்டு. உள்ளே போகிற கேபிளையும் வெளியே வருகிற கேபிளையும் மாற்றிச் செருகுங்கள். பெடல் கதற ஆரம்பிக்கும், கிடாரின் டோன் திருகைச் சுற்றினால் கதறலின் சுதி மாறும். 1971இல் பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' நடுவில் வருகிற அந்தப் பறவைக் கதறல் இந்த வழியில்தான் வந்தது. டேவிட் கில்மோர் கம்பியைத் தொடவே இல்லை. இப்போதைய வா பெடல்கள் சிலவற்றில் பஃபர் என்கிற இடைச் சர்க்யூட் இருப்பதால் வேலை செய்யாது.

அல்சூர்_கிடார்:

இரண்டு வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல ஆசை, அதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை ஸ்பூல் அண்ணா வீட்டுக்குப் போய் யூனிட்டை வாங்கி வந்தேன். காபி, பஜ்ஜி, மூன்று மணி நேரக் கதை எல்லாம் ஆயிற்று. குழாய் தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது, அவர் சொன்னபடி. 400 ஹெர்ட்ஸ் வெட்டு, சின்ன ஆம்ப், குழாயை மைக் ஸ்டாண்டில் டேப் சுற்றி ஒட்டினேன். முதல் தடவை குழாயை நாக்கின் நடுவில் வைத்துவிட்டேன், வெறும் காற்று. அப்புறம் கடைவாய்ப்பல் பக்கம் ஒதுக்கினேன், நாக்கு ஃப்ரீயானது. உதட்டைக் குவித்து 'உ', பாதி சத்தம் உள்ளேயே அடைந்து நின்றது. வாயைத் திறந்து 'ஆ', அறையில் இன்னொரு ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் 'ல்ல' வரவில்லை. நாக்கு நுனி பல்லைத் தொட்டால் குழாய் இடிக்கிறது. சலித்துப் போய் நாக்கை மடித்து மேலண்ணத்தில் வைத்தேன், 'ள்ள'. அவ்வளவுதான், சத்தம் திடீரென்று இருண்டு, கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஆகி, மறுபடி திறந்தது. 'உள்ளா'. அதையே கொஞ்சம் வாயை அகட்டி முடித்தால் 'உள்ளே'. பேஸ் வாசிக்கிறவன் சொன்னான், டேய், ஏரிக்கு அடியில் இருக்கிறது நம்மைக் கூப்பிடுகிறதுடா என்று. இதுவரை அந்த ஜந்து எதையாவது சொல்லும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை, வெறுமனே கத்தும் என்றுதான் வைத்திருந்தோம். இப்போது ஆறு பாட்டிலும் அது சொல்கிற ஒரே வார்த்தை இதுதான். மூன்றாம் பாட்டின் வரிகளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வெப்பக்கதிருக்குத் தேவை இருக்கவில்லை, ஏரி எரிகிற காட்சிக்கு அதே உத்தி. டிரம்மர்தான் திருகினான். சமாதானம்.

மின்னோசை, காந்தாரத்தைத் தூக்கினதும் பாதி வேலை முடிந்தது. 0.13, 0.19 வைத்து, உறுமியை அரை வேகத்தில் அடியில் போட்டு (என் அத்தை பையனின் கல்யாண ஊர்வல வீடியோவிலிருந்து இப்போதைக்கு உருவினது, நல்ல ரெக்கார்டிங்குக்கு உறுமி அண்ணாவை ஆடி முடிந்ததும் வந்து பார்க்கிறேன்) ஹெட்போன் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஸ்பீக்கரில் மெதுவாகத்தான் ஓட்டினேன், இரவு பத்தரை. நாலாவது நிமிஷம் கதவு தட்டுகிற சத்தம். ஆன்ட்டி. கோபமாக வந்திருப்பார் என்று பார்த்தால் பதற்றமாக நிற்கிறார், சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிறது, காற்றை இழுக்கிறது, உடனே ஆஃப் பண்ணு, காயில் போய்விடும் என்று கன்னடத்தில். நான் லேப்டாப்பை நிறுத்தினேன். சத்தம் நின்றது. ஆன்ட்டி என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

முறுக்கு அச்சு அம்மா தர மறுத்துவிட்டார். தீபாவளி வரை காத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம், ஸ்பூல் அண்ணா. அரை மணி நேரம் வாசித்தால் குழாயில் எச்சில் இறங்குகிறது. யூனிட்டுக்குள் போனால் கெட்டுப்போகாதா?

பழைய_ஸ்பூல்:

போகும். குழாயை நேராக இறக்காதே, நடுவில் ஒரு வளைவு தொங்கவிடு, சிங்க்குக்கு அடியில் இருக்கிற வளைவு மாதிரி. எச்சில் அங்கேயே தங்கும், வாசித்து முடித்ததும் கழற்றி உதறிவிடு, வெந்நீரில் அலசு.

யூனிட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வந்து கொடு தம்பி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், ஹார்ன் ஒன்று குறைகிறது.